அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் தூது போகும் பிள்ளைக்கு

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இது: வயது 26, திருகோணமலை நகரில் வீடு. அப்பா ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர், கோவில் நிர்வாகத்தில் இருக்கிறார். அம்மா ஆசிரியை. அண்ணா கனடாவில். அவர் வந்திருந்தபோது பத்திரகாளி அம்பாள் கோவில் திருவிழாவில் எடுத்த படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ‘குடும்பம் எண்டால் இப்பிடி இருக்கோணும்’ என்கிறார்கள். வீட்டுக்குள்ளே அப்பாவும் அம்மாவும் நான்கு வருடமாக நேரே கதைப்பதில்லை. எல்லாம் உங்கள் வழியாகப் போகிறது. இப்போது லண்டனில் இருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. நான் நடிக்கிறேனா, மாப்பிள்ளை வீட்டை ஏமாற்றுகிறேனா, வெளியே சொன்னால் மானம் போகுமா, அண்ணாவிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது: இந்தத் தோற்றத்தைத் தாங்கிப் பிடிக்கிற வேலையில் இருந்து நான் விலகலாமா? அதற்குத்தான் முதலில் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் குடும்ப உளவளத்துணையில் பயிற்சி பெற்று இந்த மாவட்டத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். சட்டத்தரணி அல்ல; சட்டம் வருகிற இடங்களில் பொதுவாக உள்ளதைச் சொல்வேன், உங்கள் விஷயத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். உங்கள் பெற்றோர் ஏன் கதைக்காமல் விட்டார்கள் என்பதை ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு பேரையும் முன்னால் இருத்திக் கேட்டாலும் இரண்டு வேறு கதைகள்தான் வரும்.

ஒரு குடும்பம் வெளியே ஒழுங்காகத் தெரிவது தானாக நடப்பதில்லை. யாரோ ஒருவர் அதற்கு வேலை செய்கிறார். எல்லாரும் ஒரே ஓட்டோவில் கோவிலுக்குப் போகும்படி நேரம் பார்ப்பது, படம் எடுக்கும்போது அம்மாவை அப்பாவுக்குப் பக்கத்தில் நகர்த்துவது, சித்தி போன் எடுத்து ‘அப்பாவிட்டக் குடு’ என்றால் ‘குளிக்கிறார்’ என்பது, கலியாண வீட்டுக்கு இருவர் பேரையும் போட்டு என்வலப் எழுதுவது. உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள். ஆகவே இது உண்மையா பொய்யா என்று உங்களோடு நீங்களே வழக்காடுவதை விட்டு, இதற்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்று கணக்குப் பாருங்கள். சில வீடுகளில் அது காசு. நகை அடகில் இருக்கும்போதே சாமத்தியச் சடங்குக்குப் பெரிய மண்டபம் எடுப்பார்கள். சில வீடுகளில் அது ஒருவரின் உடம்பு. உங்கள் கடிதத்தில் காசுப் பிரச்சினை தெரியவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை என்று, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

இந்தத் துறையில் எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கு இடையில் பதற்றம் கூடும்போது மூன்றாம் ஆளை உள்ளே இழுத்து அதைத் தணித்துக்கொள்வார்கள் என்று அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவன் விளக்கினார். பேச்சு நின்ற வீடுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அந்த மூன்றாம் ஆள் பல வேளைகளில் ஒரு பெண் பிள்ளை. பிள்ளைகளைப் பாதிப்பது பெற்றோரின் சத்தமான சண்டை மட்டுமல்ல, தீராமல் கிடக்கும் மௌனக் கோபமும்தான் என்பதும் உளவியலாளர் மார்க் கமிங்ஸ் போன்றவர்களின் ஆய்வுகளில் நன்றாக நிலைபெற்ற விஷயம். சண்டை தீர்வதைக் கண்ணால் காணும் பிள்ளைகளுக்குப் பாதிப்புக் குறைகிறது. இந்த அளவுக்கு நம்பிச் சொல்லலாம். தம்பதிகள் கதைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தே பிரிவார்களா என்று 90 வீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லலாம் என அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மனின் பெயரில் உலாவும் கதையை அப்படியே எடுக்க வேண்டாம்; முடிவு தெரிந்த தம்பதிகளை வைத்து அமைத்த சூத்திரம் அது என்று மற்ற ஆய்வாளர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். ‘பிரிந்துபோனால் பிள்ளைகளுக்கு நல்லது’ என்பதும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. சமூகவியலாளர் போல் அமாட்டோவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், கடும் சண்டை நடந்த வீடுகளில் பெற்றோர் பிரிந்தது பிள்ளைகளுக்கு நன்மையாகவும், சண்டை குறைந்த வீடுகளில் பிரிந்தது பாதிப்பாகவும் இருந்தது. அதுவும் அமெரிக்கத் தரவு. பிரிந்த பெண்ணுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கவே யோசிக்கிற ஊருக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது.

நம் ஊரின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். உவர்மலையில் நடந்தது பாலையூற்றுக்குப் போக அரை நாள் போதும். உங்கள் பெற்றோரின் வயதுக்காரர்கள் 1983க்கும் 1990க்கும் இடைப்பட்ட இடம்பெயர்வுகளை இள வயதில் கண்டவர்கள். உயிர் மிஞ்சினால் போதும் என்று அடுத்த வேலையைப் பார்த்தே பழகிய தலைமுறை. மனதில் உள்ளதைச் சொல்லப் பழகவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி அதற்கு மேல் வந்தது. ஆனால் எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே முகாமில் இருந்த எத்தனையோ தம்பதிகள் இன்றைக்கும் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ‘வீட்டுக்கு வீடு வாசற்படி’ என்று சொல்லிக் கடந்துபோவதும் அதே மாதிரித்தான். உண்மை, ஆனால் உங்களுக்கு ஒன்றுக்கும் உதவாது.

எதையும் மாற்றத் தொடங்க முன் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். இந்த மௌனம் இருவரும் களைத்துப்போய் ஒதுங்கியதா, அல்லது ஒருவர் மற்றவரை அடக்கி வைத்திருப்பதா? இப்படிக் கேட்டுப் பாருங்கள்: மௌனம் கலைந்தால் யாருக்காவது பயமா? அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அம்மாவின் முகம் மாறுகிறதா? சம்பளக் காசு, வங்கி அட்டை அம்மாவின் கையில்தானா? போனை யாரும் சோதிக்கிறார்களா? சகோதரிகள் வீட்டுக்குப் போய்வர அம்மாவால் முடிகிறதா? ‘போனால் செத்துப்போவேன், கொன்றுபோடுவேன்’ என்ற பேச்சு எப்போதாவது வந்ததா? அப்பாவை வைத்தும் இதே கேள்விகளைக் கேளுங்கள். ஒன்றின் பதிலாவது பயத்தையோ கட்டுப்பாட்டையோ காட்டினால், கீழே தூது பற்றி நான் சொல்வதைச் செய்ய வேண்டாம். நடுவில் நிற்கும் ஆள் விலகினால் ஆபத்துக் கூடலாம். இருவரையும் ஒன்றாக இருத்தி ஆலோசனை செய்வதும் அந்த நிலையில் சரியல்ல. உள்ளே வாய் திறந்தவர் வீட்டுக்குப் போய் அதற்கு விலை கொடுப்பார்.

அப்படியான வீட்டுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடி உதை மட்டுமல்ல, பாரதூரமான முறையில் தொடர்ந்து இழிவுபடுத்துவதும் அதற்குள் வரும். பாதிக்கப்பட்டவர் நேரடியாக நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தர் விண்ணப்பிக்கலாம். வளர்ந்த அம்மாவுக்காக மகள் போய் விண்ணப்பிக்க முடியாது, கூடப் போகலாம். நீதவான் உடனே இடைக்காலக் கட்டளை கொடுக்க முடியும், விசாரணை 14 நாட்களுக்குள் வைக்கப்பட வேண்டும், பிறகு வழங்கும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை நீளலாம். நடைமுறையில் பிசகுவது பொலிஸ் நிலையத்தில்தான். இருவரையும் கூப்பிட்டு ‘சமாதானமாப் போங்கோ’ என்று கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்காமல் வரக் கூடாது. அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், ஒரு கிழமைக்கான மருந்து, காகிதத்தில் எழுதிய போன் இலக்கங்கள் ஆகியவற்றை வேறொரு வீட்டில் வைக்க வேண்டும். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929, அவசரத்துக்கு 119.

உங்கள் கடிதத்தில் அந்த அடையாளங்கள் தெரியவில்லை. இரண்டு பேரும் தனித்தனியே உங்களோடு சிரிக்கிறார்கள், அம்மாவின் காசு அம்மாவிடம் இருக்கிறது, யாரும் யாருக்கும் பயமில்லை. அப்படியென்றால் இது களைத்த மௌனம். கோபம் தலைக்கேறினால் 20 நிமிடமாவது விலகி இருந்துவிட்டு வந்து கதைப்பது நல்ல வழி என்று தம்பதிகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். உங்கள் வீட்டில் திரும்பி வருகிற பகுதி மட்டும் நடக்கவில்லை. அதை நடத்திவைப்பது உங்கள் வேலை அல்ல. திரும்பி வராமலே வாழ்க்கை ஓடும்படி செய்து கொடுப்பதை நிறுத்துவதுதான் உங்கள் கையில் இருப்பது.

முதல் கிழமை ஒன்றையும் மாற்ற வேண்டாம். ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் நீங்கள் கொண்டுபோன செய்திகளைக் குறியுங்கள்: யாரிடமிருந்து யாருக்கு, எதைப் பற்றி. கிழமை முடிவில் அவை தாமாகவே பிரியும். மருந்து, வைத்தியசாலை, அவசரம் ஒரு பக்கம். கரண்ட் பில், காஸ், மீன் வாங்குவது போன்ற வீட்டு நிர்வாகம் இன்னொரு பக்கம். மிச்சம் குத்தல்கள்: ‘உன்ர கொப்பாவுக்குச் சொல்லு, நான் ஒண்டும் வேலைக்காரி இல்லை எண்டு.’ முதலில் நிறுத்த வேண்டியது இந்தக் கடைசி வகை. அதைக் கொண்டுபோகாமல் விட்டால் வீட்டில் ஒன்றும் குறையாது, உங்கள் சுமையில் பெரும்பகுதி இறங்கும். ‘அம்மா, இதை நான் சொல்ல மாட்டன். வேணுமெண்டால் நீங்களே சொல்லுங்கோ.’ இந்த ஒரு வசனம், ஒவ்வொரு முறையும் அதே சொற்கள், அதே குரல். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் விவாதம் வரும், விவாதத்தில் பிள்ளை தோற்கும்.

இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டு நிர்வாகச் செய்திகளுக்கு வாருங்கள். குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு கொப்பியும் பேனாவும் வைத்து, ‘பில், சாமான், யார் எப்ப வெளியில போறது, இதில எழுதுங்கோ’ என்று இருவருக்கும் தனித்தனியே சொல்லுங்கள். அற்பமாகத் தெரியும். ஆனால் நான்கு வருடம் ஒரு சொல்லும் நேரே போகாத வீட்டில் ‘காஸ் முடிஞ்சுது’ என்று ஒருவர் எழுதி மற்றவர் வாசிப்பது சின்ன விஷயமில்லை. மூன்று பேரும் உள்ள வட்ஸ்அப் குழு வேண்டாம்; அதில் நீங்கள் பார்வையாளராக இருக்க வேண்டி வரும், இருவரும் உங்களுக்காக எழுதுவார்கள். மருந்துச் செய்திகளை மட்டும் நீங்களே வைத்திருங்கள். அம்மாவின் பிரஷர் குளிசை முடிந்ததை வைத்து யாருக்கும் பாடம் படிப்பிக்க வேண்டாம்.

எங்கே பிழைக்கும் என்றால், தொடங்கிய முதல் இரண்டு மூன்று கிழமைகளில் நிலைமை முன்பைவிட மோசமாகும். அப்பா சாப்பிடாமல் படுப்பார். பில் கட்டுப்படாமல் சிவப்பு நோட்டீஸ் வரும். ‘நீயும் மாறிட்டாய்’ என்பார் அம்மா. இது தோல்வி அல்ல. பழகிய வழி அடைபட்டால் எல்லாரும் முதலில் இன்னும் பலமாகத் தள்ளிப் பார்ப்பார்கள். ஒன்பது முறை மறுத்துப் பத்தாம் முறை ஒத்துக்கொண்டால், பத்து முறை கேட்டால் நடக்கும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். ஆகவே தாங்க முடியாத ஒன்றைத் தொடங்கவே வேண்டாம், சின்னதாகத் தொடங்குங்கள். திருவிழா, திவசம், விருந்தினர் வருகிற கிழமைகளைத் தவிருங்கள். இருவரையும் இருத்தி ‘ஏன் கதைக்கிறீங்கள் இல்லை’ என்று கேட்கவும் வேண்டாம். அந்தக் கேள்விக்கு வருகிற பதில் கலியாண எழுத்து (விவாகப் பதிவு) நாளில் இருந்து தொடங்கும்.

இப்போது சம்பந்தம். தரகரும் மாப்பிள்ளையின் மாமியும் ‘குடும்பம் எப்படி’ என்று விசாரிக்கும்போது அவர்கள் கேட்பது கடன், குடி, வியாதி, வழக்கு, சாதி. உங்கள் பெற்றோர் கதைக்காமல் இருப்பதை அவர்களிடம் விரிக்கும் கடமை உங்களுக்கு இல்லை. அது அப்பா அம்மாவின் அந்தரங்கமும்தான். மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். எப்போது என்றால், முதல் அழைப்பிலும் அல்ல, எழுத்துக்குப் பிறகும் அல்ல. வெளிநாட்டுச் சம்பந்தங்களில் விசாவுக்காக எழுத்தை முன்கூட்டியே வைப்பார்கள், தாலி கட்டுவது மாதங்கள் கழித்து நடக்கும். எழுத்து முடிந்தால் சட்டப்படி நீங்கள் மனைவி. பொதுச் சட்டப்படி அதை முறிக்க மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே ஏற்கும் காரணங்களும் சோரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு என்று குறுகியவை. எனவே இரண்டாம் மூன்றாம் உரையாடலில், ‘வீட்டில் அப்பாவும் அம்மாவும் நேரே கதைப்பதில்லை, கன காலமாக இப்படி, நான் நடுவில் இருந்து களைத்துப்போனேன், அதைக் குறைத்துக்கொண்டு வருகிறேன்’ என்ற அளவு போதும். காரணம் கேட்டால் ‘அது அவர்களின் கதை’ என்று நிறுத்தலாம். அவர் என்ன சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். ‘எங்கட வீட்டிலும் கொஞ்சம் அப்படித்தான்’ என்பவரும், ‘அம்மாவுக்கு இதைச் சொல்லக் கூடாது, அவ வேண்டாமென்று விடுவா’ என்பவரும் இரண்டு வேறு வாழ்க்கைகள். இரண்டாமவரோடு போனால் இன்னொரு தோற்றத்தைக் காக்கும் உத்தியோகம் லண்டனில் காத்திருக்கிறது.

சீதன வீட்டை மறந்துவிட வேண்டாம். கிழக்கில் வீடு பெண் பிள்ளைக்குப் போவதும், தாய் தகப்பன் அதிலேயோ அதே வளவிலேயோ இருப்பதும் வழக்கம். உறுதி உங்கள் பெயருக்கு வரும்போது, கதைக்காத இருவரும் உங்கள் வீட்டில் குடியிருப்பவர்கள் ஆகிறார்கள். கூரை ஒழுகுவதில் இருந்து யாருக்கு எந்த அறை என்பது வரை உங்களிடம் வரும். பெற்றோருக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்து எழுதுவது நல்லது, யாருக்கு எந்தப் பகுதி என்பதையும் நொத்தாரிசிடம் போக முன்பே பேசித் தீர்க்க வேண்டும். மாப்பிள்ளைக்குத் தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) பொருந்துமென்றால் கலியாணத்தின் பின் உங்களுக்கும் அது பொருந்தும். அந்த வீட்டை விற்க அவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். யாழ்ப்பாணப் பூர்வீகம் என்றால் இதைச் சட்டத்தரணியிடம் கட்டாயம் கேளுங்கள்.

மானம் பற்றி. ஊருக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், ஒருவருக்குச் சொல்லுங்கள். பேஸ்புக்கில் போட்டவர்களுக்கு நடந்ததையே பாருங்கள்: ஒரு நாளில் சொந்தக்காரர் இரண்டு அணியாகிறார்கள், மூன்றாம் நாளில் கதைக்காத பெற்றோர் மறைந்து, காட்டிக்கொடுத்த மகள்தான் பிரச்சினை ஆகிறாள். அந்த ஒருவர் உங்கள் பெற்றோர் யாருக்கும் கடமைப்படாதவராக, கோவில் நிர்வாகத்தோடு தொடர்பில்லாதவராக, கேட்டுவிட்டு உடனே போன் எடுத்து ‘சமாதானம்’ செய்யக் கிளம்பாதவராக இருக்க வேண்டும். தொழில்முறை ஆள் வேண்டுமென்றால் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள், கட்டணம் இல்லை. அவர் அம்மாவிடம் படித்தவர் என்றால் தயங்காமல் வேறொருவரைக் கேட்கலாம். முதல் நாளே கேளுங்கள்: நான் சொல்வதை எங்கே எழுதுவீர்கள், அதை யார் பார்க்கலாம், எப்போது வெளியே சொல்வீர்கள்? உயிராபத்து, சிறுவர் துஷ்பிரயோகம், நீதிமன்றக் கட்டளை தவிர வேறு காரணம் சொன்னால் யோசியுங்கள். நித்திரைக் குறைவோடு எதிலும் விருப்பமின்மை, பசியின்மை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அது உளவளத்துணையோடு நிற்கக் கூடாது. வைத்தியசாலையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

திருவிழாப் படத்தை வைத்து உங்களைக் குற்றவாளியாக்க வேண்டாம். கோவில் வாசலில் நால்வரும் நிற்பது உங்கள் பெற்றோர் இன்னும் சேர்ந்து செய்யக்கூடிய ஒரே காரியமாக இருக்கலாம். அதைப் பறிக்கத் தேவையில்லை. நீங்கள் நகர்த்தி நிறுத்தாமல் அவர்கள் எப்படி நிற்கிறார்களோ அப்படியே நிற்கட்டும், யாராவது படம் எடுக்கட்டும்.

அண்ணாவிடம் சொல்லலாம், சொல்ல வேண்டும். நடந்ததன் வரலாற்றைச் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கு அவரால் என்ன ஆக வேண்டும் என்பதைக் கேளுங்கள். கிழமைக்கு ஒரு முறை அப்பாவுக்குத் தனியே, அம்மாவுக்குத் தனியே போன் எடுக்கட்டும். உங்கள் போனில் எடுத்து ‘அம்மாவிட்டக் குடு’ என்பதை விடட்டும். காசு அனுப்புவதாக இருந்தால் இருவர் கணக்குக்கும் நேரே போடட்டும், உங்கள் கணக்குக்கு வேண்டாம். அடுத்த முறை வரும்போது இருவரையும் நிலாவெளிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒன்றாக்குகிறேன் என்று திட்டம் போட வேண்டாமென்றும் சொல்லி வையுங்கள். இரண்டு கிழமை விடுமுறையில் வருகிறவர்கள் தொடக்கி வைப்பதை, அவர்கள் விமானம் ஏறிய பிறகு நீங்கள்தான் கொண்டுநடத்த வேண்டிவரும்.